கரை தெரியாத இடம்

திருகோணமலைக்காரருக்குத் துறைமுகத்தைப் பற்றி ஒரு பெருமை உண்டு. உலகத்திலேயே இப்படி ஒன்று இல்லை என்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெருமைப்படத்தக்க துறைமுகந்தான். ஆனால் அதன் நடுவிலே ஒரு வள்ளத்தை நிறுத்தி நாலு பக்கமும் திரும்பிப் பாருங்கள், கடலா தெரியும்? கரைதான் தெரியும். இந்தப் பக்கம் கோட்டை, அந்தப் பக்கம் சீனன்குடா, தெற்கே மூதூர், கிழக்கே வெளிச்சவீட்டு முனை. எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் ஒரு துண்டு நிலம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஐவி டீச்சருக்கு அந்தக் கரையைக் கண்டாலே எரிச்சல் வரும்.

ஐவி மிஷன் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பித்தாள். வயது முப்பத்தாறு. கல்யாணமாகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பதைக் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கு வருகிற பெண்கள் ஒரு தொண்டாகவே செய்து வந்தார்கள். தகப்பன் கடற்படைத் தளத்தில் கிளார்க்காக இருந்து காலமானவர். ஒரே அக்கா றோஸ், வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போன காலத்தில் புருசனோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாள். ஐவி அன்றைக்குக் கடற்கரையில் நின்றாள். கப்பல் சின்னதாகி, புகையாகி, ஒன்றுமில்லாமல் போனது. கடலும் வானமும் தொடுகிற அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று புத்தகத்தில் படித்துச் சொல்ல அவளுக்குத் தெரியும், கண்ணால் கண்டதில்லை. கப்பல் மறைவதை எத்தனையோ தரம் பார்த்தாயிற்று. கரை மறைவதை ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும். நாலு பக்கமும் தண்ணீராக இருக்கிற ஓரிடத்தில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் சிரிப்பார்கள் என்று அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் கப்பல் கப்பலாக வந்து இந்து சமுத்திரத்தை அளக்கத் தொடங்கிய காலம் அது. வேறெங்கும் ஒருவன் முகத்தில் ஒருவன் விழிக்காத அமெரிக்கனும் ரஷ்யனும் இந்தக் கடலுக்காக மட்டும் ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்தார்கள். கப்பல் எந்நேரமும் எல்லா இடத்திலும் நிற்க முடியாது அல்லவா? அதனால் கரையோரங்களில் மாதாமாதம் தண்ணீர் எடுத்து அனுப்ப ஆட்கள் வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து டொக்டர் பேணாட் என்ற கடல் ஆராய்ச்சியாளர் ஆள் தேடித் திருகோணமலைக்கு வந்தார். பள்ளிக்கூடத்து ஆண் வாத்திமாரில் ஒருவர் வள்ளத்தில் கால் வைத்ததுமே காலையில் சாப்பிட்ட இடியப்பத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார். மற்றவருக்குச் சனிக்கிழமையில் ரியூசன். கடைசியில் ஐவி போய், "நான் செய்யிறன் சேர்," என்றாள். பேணாட் அவளை மேலும் கீழும் பார்த்தார். வேறு ஆள் கிடைக்காததால் ஓமென்றார்.

வேலை இதுதான். கொட்டியாரக் குடாவின் அடியிலே ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. வெளிக்கடலிலிருந்து துறைமுக வாசல் வரைக்கும் நீண்டு வரும் ஆழம் அது. மகாவலி ஆறும் அதே குடாவில்தான் வந்து விழுகிறது. அந்தப் பள்ளத்துக்கு மேலே வள்ளத்தை நிறுத்தி, ஒரு பித்தளைக் குழாயைக் கம்பியில் கட்டி இறக்க வேண்டும். குழாய் வேண்டிய ஆழத்துக்குப் போனதும் மேலிருந்து ஒரு பித்தளைக் கட்டியைக் கம்பி வழியே நழுவ விட வேண்டும். கட்டி போய்க் குழாயில் இடிக்கும். குழாய் தலைகீழாகக் கவிழ்ந்து, அந்த ஆழத்துத் தண்ணீரை உள்ளே வைத்து வாயை மூடிக்கொள்ளும். கம்பியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தால், கீழே இடித்தது விரல் நுனியில் ஒரு சின்னத் துடிப்பாகத் தெரியும். அந்தத் துடிப்புக்காகவே ஐவி மாதம் முழுதும் காத்திருப்பாள்.

வள்ளம் குடாவுக்கு அக்கரையிலுள்ள கிண்ணியா ஊர் முத்தலிப்புடையது. ஊருக்கும் பட்டினத்துக்கும் சாமான் ஏற்றி இறக்கும் எஞ்சின் வள்ளம். முத்தலிப் அந்தப் பித்தளைக் கட்டிக்குத் தபால்காரன் என்று பெயர் வைத்திருந்தார். அண்ணன் முறையில் ஐவி அவரை நானா என்பாள்.

"என்ன டீச்சர், தபால்காரன் போய்ச் சேர்ந்திட்டானா?"

"இன்னும் இல்லை நானா. கொஞ்சம் பொறுங்கோ."

"எங்கட ஊர்த் தபால்காரனை விட இவன் எவ்வளவோ திறம்."

மேலே வந்த தண்ணீரைப் போத்தல்களில் ஊற்றுவாள். சோடாப் போத்தல் போலக் கனத்த கண்ணாடி, வெள்ளைப் பீங்கான் மூடி, அதை அழுத்திப் பிடிக்கும் கம்பி. கழுத்திலே இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். வெயிலில் தண்ணீர் பருத்தால் மூடியைத் தள்ளிவிடும் என்று பேணாட் சொல்லியிருந்தார். நிரப்பிய போத்தல்களை மரப்பெட்டியில் அடுக்கி முத்தலிப்பிடம் கொடுத்துவிட்டு ஐவி பட்டினத்தில் இறங்கிக்கொள்வாள். பெட்டி கிண்ணியாவில் முத்தலிப் வீட்டு நிழலில் இருக்கும். திங்கட்கிழமை விடியக் கொழும்புக்குப் போகும் அலியாரின் மீன் லொறியில், ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் அதுவும் ஏறிப் போகும்.

முத்தலிப்பின் மனைவி றுக்கியாவை, அக்கா முறையில் ராத்தா என்று சொல்வாளே தவிர, ஐவி கண்டதே இல்லை. ஆனால் கண்டவர்களை விட நன்றாகத் தெரியும். முதற் சனிக்கிழமையே றுக்கியா மூன்றடுக்குக் கேரியரில் சோறும் பாரைமீன் பொரியலும் கத்தரிக்காய்ப் பால்கறியும் அனுப்பியிருந்தாள். கடலில் வேலை செய்கிற பொம்பிளைப் பிள்ளை பசியோடு இருக்கக் கூடாதாம். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இந்தக் கரையில் எந்தச் சனத்துக்கும் கிடையாது. அடுத்த மாதம் கேரியர் பட்டர் கேக்கோடு திரும்பிப் போனது. பிறகு வட்டிலப்பத்தோடு வந்தது. பிறகு பிலாக்கொட்டைப் பிட்டோடு போனது. நத்தார்ப் பண்டிகைக்கு ஐவி இரண்டு கேக் செய்தாள், ஒன்று பிராந்தி விட்டு, ஒன்று விடாமல், விடாதது றுக்கியாவுக்கு. இரண்டு வருசத்தில் அந்தக் கேரியரின் ஒரு தட்டுக் கூட வெறுமையாகவோ அரைகுறையாகவோ அந்தப் பக்கம் போனதும் இல்லை, இந்தப் பக்கம் வந்ததும் இல்லை.

அறுபத்துமூன்றாம் ஆண்டு ஒக்டோபரில் டொக்டர் பேணாட் மறுபடி வந்தார். இந்த முறை அவர் அவளை மேலும் கீழும் பார்க்கவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்திலே போட்டுக்கொண்டு, ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"மிஸ் ஐவி, இதைப் பாருங்கோ. மாரி மாதங்களிலே உங்கட ஆழத்துத் தண்ணியில உப்புக் குறையுது. கோடையில சரியாயிருக்கு. மாரி வந்தால் குறையுது. போன மாரி முழுக்க அப்பிடித்தான்."

"மேல்தண்ணி குறையும் சேர், ஆற்று வெள்ளம் வாறதால. ஆழத்தில எப்பிடி?"

"அதைத்தான் எல்லாரும் கேக்கினம்!" பேணாட் மேசையில் தட்டினார். "வண்டல் தண்ணி பாரமல்லோ? மகாவலி கடலுக்கை வந்த பிறகும் நிற்கேல்லைப் போல. அந்தப் பள்ளத்துக்குள்ளால கீழ, கீழ, கடலுக்கு அடியில ஓடிக்கொண்டு போகுதெண்டு நினைக்கினம். கப்பலை இங்க திருப்பப் போகினம். நிக்கோபாருக்குப் போக இருந்த கப்பல். தை மாதம் இங்க வந்து அந்த ஆற்றைப் பின்தொடர்ந்து வெளிக்கடலுக்குப் போகும். உள்ளூர் ஆள் ஒருவருக்கு இடமிருக்கு. அது உங்களுக்குத்தான்."

ஐவி ஓமென்றாளா, தலையை ஆட்டினாளா, அவளுக்கே நினைவில்லை. பேணாட் போன பிறகு ஆய்வுகூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, எலும்புக்கூட்டுப் படத்துக்கு முன்னால் நின்று சத்தமில்லாமல் அழுதாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? வெள்ளைக்காரரோடு ஒரு பொம்பிளை தனியாகக் கப்பலிலே போவதா என்று கோயில் வாசலில் ஒரு மாநாடே நடந்தது. பள்ளிக்கூடத்து அதிபர் அம்மா லீவைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். ஐவிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கடைக்குப் போய் ஒரு சோடி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து வாங்கினாள். கப்பல் தட்டில் வழுக்காதாம். வீட்டுக்குள்ளே அதைப் போட்டுக்கொண்டு குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்து பார்த்தாள். அதைவிட அந்த ஆறு அவளைப் பிடித்துக்கொண்டது. வகுப்பில் சோக்கட்டியைப் பிடித்தபடி நின்றுவிடுவாள். ஒருவர் கண்ணிலும் படாமல், கரையை விட்டு, கடலுக்கு அடியிலே ஓர் ஆறு போய்க்கொண்டிருக்கிறது. அதன் தலைக்கு மேலே தானும் போகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே மிச்ச வரியை எழுத மறந்துவிடுவாள்.

முத்தலிப்போ கிண்ணியாத் தேத்தண்ணிக் கடையில் கடலடி ஆற்றைத் தன் வள்ளந்தான் கண்டுபிடித்ததென்று கதை அளந்துகொண்டிருந்தார்.

மார்கழி மாதத் தண்ணீர் எடுத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, றுக்கியா அவளைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். தூரப் பயணம் போகிற பிள்ளை ஒரு தரமாவது வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று. கோயில் முடிந்து முத்தலிப்பின் வள்ளத்தில் ஐவி கிண்ணியாவுக்குப் போனாள். இரண்டு நாளாகக் கொட்டிய மழை. இறங்குதுறையில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது.

றுக்கியா உயரமான பெண். நீலப் பூப்போட்ட சேலை முந்தானையால் முக்காடு போட்டிருந்தாள். ஐவியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ட டீச்சர்! ரெண்டு வருசமா உங்கட கைச்சாப்பாட்டைச் சாப்பிட்டன், முகத்தை இண்டைக்குத்தான் காணுறன். இருங்க, இருங்க. உங்கட வேலையில கொஞ்சம் மிச்சம் கிடக்கு, அதை முடிச்சிட்டு ஓடி வாறன்."

குசினி வாசலில் மரப்பெட்டி திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு மண்பானை. றுக்கியா குந்தியிருந்து ஒரு போத்தலின் கம்பியை நெம்பித் திறந்தாள். பானைக்குள் சிரட்டை அகப்பையை விட்டுத் தண்ணீர் மொண்டு, போத்தலின் கழுத்து முட்டும்வரை மெதுவாக ஊற்றி, மூடியை அழுத்திப் பூட்டினாள். முந்தானையால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

ஐவி நின்ற இடத்திலேயே நின்றாள். "ராத்தா… என்ன செய்யிறீங்கள்?"

"வழமையாச் செய்யிறதுதான். இந்த மனிசன் வள்ளத்தில போட்டுக் குலுக்கி எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் சிந்திப்போட்டுத்தான் கொண்டு வருவார். ஒரு போத்திலாவது முழுசா வந்ததில்ல. தூர தேசத்து ஆக்கள் பார்க்கிற சாமான். நம்மட வீட்டில இருந்து குறையாப் போகலாமா? உங்கட பேர் என்னாகும்?"

"எப்ப இருந்து?"

"முதல் பெட்டி வந்த நாளில இருந்துதான்." ஐவியின் முகம் போன போக்கைக் கண்டு றுக்கியா அவசரமாகச் சொன்னாள்: "கிணத்துத் தண்ணி எண்டு நினைச்சிராதீங்க டீச்சர்! எனக்கு அவ்வளவுக்கு விசரில்ல. கடல் தண்ணிக்குக் கடல் தண்ணிதான். துறையில அள்ளி, துணியில வடிச்சுத்தான் ஊத்துறன்."

ஐவி குனிந்து பானையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கொஞ்சந்தான். மாரி வெள்ளம் கலந்த துறைத்தண்ணீர், அரைவாசிக்கு மேல் ஆற்றுத் தண்ணீர். கோடையில் அதே துறையில் உப்பு ஏறியிருக்கும். அள்ளி ஊற்றினாலும் வித்தியாசம் தெரிந்திராது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குளிர்ந்து போனதால், கழுத்து முட்ட நிரப்பியும் மூடிகள் தள்ளவில்லை. கொழும்பில் திறக்கிறவர்களோ, எத்தனையோ ஊர்ப் போத்தல்களுக்கு நடுவே ஒரு கழுத்தையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? மகாவலி கடலுக்கு அடியில் எங்கும் ஓடவில்லை. இந்தக் குசினி வாசலில், ஒரு சிரட்டை அகப்பையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கு ராத்தா," என்றாள். வேறு என்ன சொல்வது? இரண்டு வருசம் கேரியரை நிரப்பி அனுப்பிய அதே கை. அவளும் நிரப்பித்தானே அனுப்பினாள்? சாப்பிட உட்கார்ந்தாள். நெய்ச்சோறும் கோழிக்கறியும் வட்டிலப்பமும் மூக்கு முட்டச் சாப்பிட்டாள். புறப்படும்போது றுக்கியா ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியைக் கையில் வைத்தாள். சீனிப்பாகில் ஊறிய இஞ்சி.

"கடல் மயக்கத்துக்கு நல்லது. கரை தெரியாத இடத்துக்குப் போனதும் ஒரு துண்டை வாயில போடுங்க. எனக்கும் பார்க்க ஆசைதான் டீச்சர், கரையே இல்லாத இடம் எப்பிடி இருக்குமெண்டு. நீங்க வந்து சொல்லுங்க."

தான் ஒருவருக்கும் சொல்லாத ஆசையை இவள் எங்கிருந்து எடுத்தாள் என்று ஐவிக்கு விளங்கவில்லை.

இனி என்ன, பேசாமல் இருந்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? கப்பல் வரும். அவள் ஏறுவாள். பத்துப் பன்னிரண்டு நாள் ஆற்றைத் தேடுவார்கள். அகப்படாது. இந்த வருசம் ஓட்டம் குறைவு என்று எழுதிவிட்டுப் போவார்கள். விஞ்ஞானத்தில் தேடி அகப்படாதது ஒரு குற்றமா? இந்த வாதத்தை ஐவி வள்ளத்திலும் கட்டினாள், வீட்டிலும் கட்டினாள், திங்கட்கிழமை முதற் பாடம் முடியும்வரை கட்டிக்கொண்டே இருந்தாள். நல்ல வாதந்தான். ஆனால் நிக்கோபார் என்ற ஒரு சொல் அதற்குள்ளே மீன்முள் போல நின்றது. அங்கேயும் ஒருவர் மாதாமாதம் போத்தல் நிரப்பிக்கொண்டு இருப்பார். கழுத்தில் இரண்டு விரல் விட்டிருப்பார். கப்பல் வருகிறதென்று சொல்லி, பிறகு வரவில்லை என்று சொல்லியிருப்பார்கள். அவரும் ஒரு சோடி சப்பாத்து வாங்கினாரோ என்னவோ.

இடைவேளை மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு நடந்தாள். டொக்டர் பேணாட்டுக்குத் தந்தி கொடுத்தாள்: மாரி கால ஆழத்து மாதிரிகளில் துறைத்தண்ணீர் கலந்துவிட்டது, பிழை திருகோணமலையில், கப்பலைத் திருப்ப வேண்டாம். யார் கலந்தார் என்று எழுதவில்லை.

மறுநாள் அதிபரின் அறைக்குத் தொலைபேசி வந்தது.

"இதை ஏன் இப்ப சொல்லுறீங்கள்?" பேணாட்டின் குரல் உடைந்திருந்தது. "கப்பல் வந்த பிறகு சொல்லியிருக்கலாமே!"

அவருக்கும் அந்தக் கப்பலில் ஓர் ஆசை இருந்திருக்கிறது, பாவம். ஐவி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்," என்று மட்டும் சொன்னாள். தை மாதம் கப்பல் நிக்கோபாருக்குப் போனது. அந்த வாரம் அவள் எட்டாம் வகுப்புக்கு ஆவியாதல் படிப்பித்தாள். கன்வஸ் சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். போத்தல் வேலையை மட்டும் நிறுத்தவில்லை. பேணாட்டும் பெரிய மனசு பண்ணி நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தை மாதப் பெட்டி கிண்ணியாவுக்குப் போனபோது, ஒவ்வொரு மூடியும் நூலால் இறுக்கிக் கட்டி அரக்கு வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் வாரம் றுக்கியா பட்டினத்துக்கு வந்தாள். கேள்விப்பட்டு வீடு தேடி வந்தவள் கதிரையில் உட்காரவும் மாட்டேன் என்றாள். கேரியர் கையில் இருந்தது.

"டீச்சர், கப்பல் ஏன் வரல்ல?"

"அவையளுக்கு வழி மாறிட்டுது ராத்தா. பெரிய கடல்தானே."

"பொய் சொல்லாதீங்க. வழி மாறினதெண்டா போத்திலுக்கு ஏன் பூட்டு?" றுக்கியாவின் கண் நிறைந்து வழிந்தது. "என்ட அல்லாஹ்! நானா உங்கட பயணத்தைக் கெடுத்தன்? இந்தக் கையாலயா?"

"ராத்தா, அழாதைங்கோ. இடைவெளி விட வேணுமெண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தானே சொல்லியிருக்க வேணும்? வெறும் பாத்திரம் அனுப்பாத ரெண்டு பேர் நாங்கள். எங்களுக்கு நடுவில குறைப் போத்தில் போனால் வேற என்ன நடக்கும்?"

சொல்லும்போதே ஐவிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் அழுகையும் வந்துவிட்டது. "எனக்கு அந்தக் கப்பலில போக எவ்வளவு ஆசையா இருந்தது தெரியுமா ராத்தா," என்று முதன்முதலாக ஒருவருக்கு வாய்விட்டுச் சொன்னாள். "கரை மறையிறதைப் பார்க்க வேணும் எண்டு. வேற ஒண்டுமில்லை. அவ்வளவுதான்." றுக்கியா கேரியரை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வாடைக்காற்று அடங்கிச் சித்திரை வந்தது. கடல் எண்ணெய் வார்த்ததுபோல் கிடந்தது. அந்த மாதச் சனிக்கிழமை ஐவி இறங்குதுறைக்குப் போனபோது வள்ளத்தில் போத்தல் பெட்டிக்குப் பக்கத்தில் றுக்கியா உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் டீசல் பீப்பா ஒன்று கூடுதலாக நின்றது.

"முதலில உங்கட வேலை," என்றார் முத்தலிப். "அது முடிஞ்சதும் என்ட பொஞ்சாதியிட வேலை. மூணு மாசமா என்ட உசிரை வாங்கிப்போட்டாள். ஏறுங்க டீச்சர்."

"நில்லுங்கோ நானா," என்றாள் ஐவி. திரும்பி வீட்டுக்கு ஓடினாள். மூச்சிரைக்க வந்தபோது காலில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து இருந்தது.

தண்ணீர் எடுத்து முடிய, வள்ளம் வெளிச்சவீட்டு முனையைத் தாண்டியது. கடலின் நிறமே மாறிவிட்டது. ஐவி பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதலில் வெள்ளை மணல் மறைந்தது. பிறகு தென்னைகள் மறைந்தன. வெளிச்சவீடு ஒரு குச்சியாகி இல்லாமல் போனது. கோணமலைப் பாறை தாழ்ந்து தாழ்ந்து தண்ணீருக்குள் இறங்கியது. றுக்கியா இஞ்சி ஜாடியைத் திறந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். வடக்கே தண்ணீர், கிழக்கே தண்ணீர், தெற்கே தண்ணீர். மேற்கே மட்டும், எங்கோ உள்நாட்டில் இருக்கிற ஒரு மலை, சாம்பல் நிறத்தில் இம்மியும் அசையாமல் நின்றது.

இன்னும் ஓடினார்கள். மலை போகவில்லை. வெயில் உச்சிக்கு வந்து சரிந்தது. முத்தலிப் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். தெற்கே கறுப்பாக மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

"டீச்சர், இதுக்கு மேல ஏலாது. எஞ்சின் கொதிக்குது. மழைக்கு முந்தி முனைக்குள்ள போயிரணும்."

"பரவாயில்லை நானா," என்றாள் ஐவி. "இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. போதும்." அவள் அந்த மலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

போதும் என்று சொல்கிற குரலில் எவ்வளவு குறைகிறதென்று றுக்கியாவுக்குத் தெரியாதா? முத்தலிப் எஞ்சினை ஆற விட்டு நிறுத்தினார். றுக்கியா எழுந்தாள். வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. "ஏய், இருடி! விழப் போறாய்!" என்று புருசன் கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. தலையிலிருந்த முந்தானையை இழுத்து, உலரப் போடுகிற மாதிரி இரண்டு கையாலும் அகல விரித்து, மேற்குப் பக்கமாக உயர்த்திப் பிடித்தாள்.

"இப்பப் பாருங்க டீச்சர். நாலு பக்கமும் பாருங்க."

ஐவி எழுந்து நின்றாள். வடக்கே பார்த்தாள், தண்ணீர். கிழக்கே தண்ணீர். தெற்கே தண்ணீர். மேற்கே நீலப் பூப்போட்ட சேலை காற்றில் படபடத்தது. அதன் கீழ் விளிம்பில் மலை ஒரு துளி எட்டிப் பார்த்தது. றுக்கியா அதைக் கண்டு கைகளைக் கொஞ்சம் தாழ்த்தி அதையும் மூடினாள்.

"கரை தெரியுதா?"

ஒரு துளி உப்பைக் கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லாதவள் ஐவி டீச்சர். அதற்காகக் கப்பலையே திருப்பி அனுப்பியவள்.

"இல்லை ராத்தா," என்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "தெரியேல்லை. ஒரு பக்கமும் தெரியேல்லை."

"அவசரப்படாம ஆறுதலாப் பாருங்க," என்றாள் றுக்கியா. தோள்மூட்டு வரைக்கும் அவளுடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. "எனக்குக் கை நோகல்ல."